உஷ் அக்கா வீட்டுப் பகல்

அந்தத் தெருவில் அவளுக்கு ‘உஷ் அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கீழிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமானால் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் மாடி ஜன்னல் திரை ஓரத்தில் ஒரு விரலும் உதடும் மட்டும் தெரியும். “உஷ்! அவரு தூங்குறாரு.”

அவர் என்றால் அவள் கணவர். ஊரின் மறுகோடியில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை. பொழுது சாயும்போது கிளம்பிப் போவார். இரவெல்லாம் அடுப்பின் முன் நின்றுவிட்டு, ஊர் எழுந்து பல் துலக்குகிற நேரத்தில் மாவும் புகையும் மணக்க வீடு திரும்புவார். தெருவுக்கு அவர் அடுப்புக்காரர். கல்யாணமான புதிதில், சேர்ந்தாற்போல் இரண்டு பகல் சரியாகத் தூங்காமல் வேலைக்குப் போனவர் நின்ற வாக்கிலேயே கண்ணயர்ந்து வலது கையை அடுப்பின் இரும்பு வாயில் வைத்துவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இன்றும் தழும்பாக ஓடும் அந்தக் காயத்தைப் பார்த்த அன்றுதான் அவள் வீட்டுக்கு வாய்ப்பூட்டுப் போட்டாள்.

அவள் ஒன்றும் அமைதியாகப் பிறந்தவள் அல்ல. அவள் பிறந்த வீட்டில் முதலில் கத்தியவர்களுக்குத்தான் சட்டியில் மிச்சமிருப்பது கிடைக்கும். பிறகு வேலை பார்த்த தையல் ஆலையில் வரிசை வரிசையாக மிஷின்கள். “அங்க காதலைச் சொல்லணும்னாக்கூட கத்தித்தான் சொல்லணும். பாதி பேரு பயந்து ஓடிட்டாங்க” என்பாள். அப்படிப்பட்டவள், ஆறு வருஷத்தில் பூனையாகிவிட்டாள். வாசல் மணிக்குள் பஞ்சை அடைத்தாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டினாள். குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஓசைப்படாமல் வழிந்து இறங்க ஒரு துணிநாடாவைக் கட்டித் தொங்கவிட்டாள். கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக்கி ஜன்னலுக்குத் திரை. நண்பகலில் அந்த வீட்டுக்குள் போனால் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். காய்கறி வண்டிக்காரர்கூட அவள் வீட்டு வாசலைக் கடக்கும்போது “வெங்காயம்… தக்காளி…” என்று திருட்டுச் சாமான் விற்கிறவர் மாதிரி கிசுகிசுத்துக்கொண்டு போவார்.

அவளுடைய நாள், அவர் படியிறங்கிப் போனபின்தான் தொடங்கும். திரையை விலக்குவாள். வீட்டில் உள்ள எல்லா விளக்கையும் போடுவாள். குக்கர் விசிலடிக்கும், மிக்ஸி அலறும், ரேடியோ பாடும். கீழ்த்தளத்தில் இருந்தது காகிதக் கிடங்கு. இரவில் அங்கே ஆள் கிடையாது என்பதால் தையல் மிஷின் எத்தனை நேரம் ஓடினாலும் கேட்பாரில்லை. பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப்போனவர்களுக்குப் பக்கத் தையலைப் பிரித்துவிடுவது என்று கைநிறைய வேலை. எல்லாம் இருந்தது, பேச்சுத் துணைதான் இல்லை. பக்கத்தில் ஆள் இருக்கிற பகலில் பேசக் கூடாது. பேசலாம் என்கிற இரவில் ஆள் இல்லை. மாற்று ஆள் வந்து அவருக்கு விடுப்புக் கிடைக்கும் வாரத்து ஓர் இரவுதான் இருவருக்கும் பொதுவானது.

அப்புறம் குழந்தை வந்தது. பெண் குழந்தை. வயிற்றில் இருந்தபோதே இரவெல்லாம் மிஷின் சத்தம் கேட்டு வளர்ந்தவள். வெளியே வந்த பிறகும் அவள் கணக்கு மாறவில்லை. பகல் முழுக்க இருட்டு அறையில், அப்பாவின் கட்டிலை ஒட்டிய தொட்டிலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். பசித்தால் கண்ணைத் திறக்காமலே வாயை மட்டும் திறந்து குடித்துவிட்டு மறுபடி தூங்கிப்போவாள். அடுப்புக்காரர் படியிறங்கி, விளக்குகள் எரிந்து, குக்கர் முதல் விசில் அடித்ததும் பொட்டென்று விழிப்பாள். அதற்குப் பிறகு விடியும்வரை பொம்மைக்கு ஒட்டவைத்ததுபோல் இரண்டு கண்.

அம்மா அவளுக்கு ‘முட்டைக்கண்ணி’ என்று பெயர் வைத்தாள். அப்பா ‘தூங்குமூஞ்சி’ என்று வைத்தார். ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர், இரண்டும் பொருத்தமானவைதான்.

அவளை மடியில் போட்டுக்கொண்டு, மிஷினின் சக்கரத்தைப் பார்க்கவிட்டு, உஷ் அக்கா ஆறு வருஷப் பேச்சையும் அவிழ்த்துவிட்டாள்.

“இந்த பேன்ட்டு யாருதுன்னு தெரியுமாடி முட்டைக்கண்ணி? மருந்துக்கடைக்காரரோடது. போன தடவை விட்டதே கடைசித் தையல். இதுக்கு மேல பிரிக்கத் துணியே இல்ல. அவர்கிட்ட போயி நான் எப்படிடி சொல்றது? நீயே சொல்லிடு.”

“ங்கா” என்றாள் முட்டைக்கண்ணி.

“அப்படிச் சொல்லக் கூடாது. பெரியவங்க மனசு நோகும்.”

இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த இரவிலும் இருந்ததில்லை. ஆனால் இரவில் மகளோடும் விழித்து, பகலில் மகளுக்குப் பால் கொடுக்கவும் சமைக்கவும் அவர் எழுந்தால் பரிமாறவும் விழித்தால், அவள் தூங்குவது எப்போது? கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. உப்புப் போட்டோமா என்று மறந்துபோய் இரண்டாம் தடவையும் போட்டாள்.

அடுப்புக்காரரின் ஏக்கம் வேறு மாதிரி. இவருக்கு விடுப்பு கொடுக்க வேண்டிய மாற்று ஆள், குழந்தை பிறந்த வாரம்தான் பார்த்துக் காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டார். வாரத்து ஓர் இரவும் போயிற்று. பிற்பகலில் எழுந்ததும் தொட்டிலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். கன்னத்தை ஒரு விரலால் தொடுவார். அது உதட்டைச் சுழித்து, கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கும். கண்ணின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தால் அன்றைக்கு அவருக்கு லாபம்.

“கண்ணு யாரு மாதிரி இருக்கும்?” என்று கேட்பார்.

“உங்கள மாதிரிதான். உஷ், சத்தமா பேசாதீங்க.”

“கொஞ்சம் எழுப்பிப் பாப்போமா?”

“தூங்குற புள்ளைய எழுப்புவாங்களா? போங்க, நேரமாச்சு.”

அவர் போவார். தெருமுனை திரும்பியதும் மாடியில் ‘ங்கா’ என்று கேட்கும். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் என்று ஒன்று மட்டும் இல்லை. தூங்கும் இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டு பகலில் அவள் நினைப்பதெல்லாம் அதுதான். ஒரே ஒரு தடவை, இவர் முழித்திருக்க, இவளும் முழித்திருக்க, நான் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேச வேண்டும்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ராத்திரி தூங்க விடுறதில்லையா?”

“பகல்ல நல்லா தூங்குறா சிஸ்டர். ராத்திரிதான்…”

“பிறந்த குழந்தைக்குப் பகல் எது, ராத்திரி எதுன்னு எப்படித் தெரியும்? நாமதான் காட்டணும். பகல்ல வெளிச்சமும் சத்தமும் இருக்கட்டும், பேசுங்க, விளையாட்டு காட்டுங்க. ராத்திரி லைட்டக் குறைச்சுடுங்க. பால் குடுத்து, துணி மாத்தி, பேசாம படுக்க வெச்சிடுங்க. ஒரு நாள்ல வராது. கொஞ்சம் கொஞ்சமா அதுவே புடிச்சுக்கும்.”

“வேற வழி ஏதும் இருக்கா சிஸ்டர்?”

நர்ஸ் சிரித்தாள். “ஜன்னலத் திறக்கிறதுல என்னம்மா கஷ்டம்?”

என்ன கஷ்டம் என்று அவளால் அங்கே சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து, தூங்குகிற மனிதரின் தழும்பைப் பார்த்தாள். தழும்புக்கு மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதைக்கூட ஓசைப்படாமல்தான் விரட்டினாள். நர்ஸ் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

சொல்லாமலே, பாதி வைத்தியத்தைச் செய்து பார்த்தாள். பகலைத் தொடாமல், இரவை மட்டும் மாற்றினாள். ஒற்றைச் சின்ன விளக்கு, ரேடியோ இல்லை, மிஷின் இல்லை, பேச்சு இல்லை. ஆக, பகலிலும் இருட்டு, இரவிலும் இருட்டு. வீட்டில் பொழுது என்பதே இல்லாமல் போயிற்று. முட்டைக்கண்ணி இருட்டுக்குள் கண்ணை விரித்துக்கொண்டு, பேசிக்கொண்டிருந்த அம்மா எங்கே போய்விட்டாள் என்று ‘ங்கா, ங்கா’ என்று தேடினாள். பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள் அம்மா. பகலில் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயில் காட்டியும் பார்த்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு தோளிலேயே தூங்கியது. கீழே இறங்கினால் மறுபடி குகைதான்.

இரவில் நின்றுபோன தையலைப் பகலில் கையால் செய்யப்போய், மருந்துக்கடைக்காரரின் பேன்ட்டில் ஒரு காலின் அடிப்பக்கத்தை முழுசாக மூடித் தைத்துக் கொடுத்துவிட்டாள். அவர் படியேறி வந்து, வழக்கம் தெரிந்தவராகையால் மிகவும் மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, ஒரு கால் போதும்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

இந்த நிலைமையில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

நாத்தனார் பஸ் கண்டக்டர். பின்படியில் நின்று ‘போலாம் ரைட்’ என்றால் முன்னால் போகிற வண்டிகூட நகரும் என்று அவள் தம்பியான அடுப்புக்காரரே கேலி செய்வார். அந்தக் குரலுக்காகவே பகலில் அந்த வீட்டுக்கு வரக் கூடாது என்று ஆறு வருஷத் தடை. அன்றைக்கு வண்டி நடுவழியில் நின்றுபோய், பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, பக்கத்துத் தெருதானே என்று வந்துவிட்டாள். கதவைத் திறந்த உஷ் அக்கா உதட்டில் விரல் வைத்தாள். நாத்தனாரும் தலையாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலி இருந்த இடம் தெரியாமல் அதன்மேல் மோதிக்கொண்டாள்.

“என்ன பொண்ணு இது, சினிமா தியேட்டர் மாதிரி வெச்சிருக்கே?”

“உஷ். அண்ணி, மெதுவா…”

அடுக்களையில் நின்றபடி, கிசுகிசுத்தே எல்லாவற்றையும் சொன்னாள். இரவு விழிப்பு, நர்ஸ் சொன்னது, திறக்க முடியாத ஜன்னல், ஒற்றைக்கால் பேன்ட். நாத்தனார் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

“அடிப்பாவி! புள்ளை பிறக்கும்போதே நைட் ஷிப்ட் போட்டுட்டீங்களேடி!”

சிரிப்பு கட்டடமெங்கும் கேட்டது. சிரித்த கையோடு, காற்று வேண்டியோ என்னவோ, அடுக்களைத் திரையைச் சரட்டென்று இழுத்துவிட்டாள். வெயில் உள் அறைவரை போய் விழுந்தது. தொட்டிலில் முதலில் ஒரு முனகல், பிறகு வீறிட்ட அழுகை. தூக்கிவர ஓடினாள் தாய். அதற்குள் கட்டிலிலிருந்து எழுந்த அடுப்புக்காரர், வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் பிள்ளையை மார்போடு அள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்.

“அக்கா, நீயா? வீடு இடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்.”

பிள்ளை அழுகையை நிறுத்தி, கண்ணைச் சிமிட்டி, அவர் முகத்தையே பார்த்தது. அவர் தலையை இடப்பக்கம் சாய்த்தார். இரண்டு கண்ணும் இடப்பக்கம் வந்தன. வலப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் வந்தன.

“ஏய், இவ முழிச்சிருக்கா” என்றார், யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டவர்போல்.

பிள்ளையின் முகத்தை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: “என்னை மாதிரின்னு பொய்தானே சொன்னே? அப்படியே உன் கண்ணு.”

“நீங்க தூங்கிட்டே இருந்தா உங்க கண்ணை நான் எங்க பாக்குறது? ஞாபகத்துல இருந்ததைச் சொன்னேன்” என்றாள் அவள். சொல்லிவிட்டு, அவளுக்கே அழுகை வருகிறமாதிரி இருக்கவே, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

நாத்தனார்தான் விஷயத்தை உடைத்தாள். “டேய் தம்பி, நர்ஸம்மா சொல்லி மாசம் ஆகுதாம். நீ தூங்கணுமேன்னு இவ வாயத் திறக்கல.”

“நீ ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீங்க திறந்துவிடச் சொல்வீங்க. அப்புறம் நீங்க சுட்டுக்கிட்டு வர்ற கையைப் பாத்துக்கிட்டு நான்தானே உக்காரணும்?”

அவர் தழும்பைப் பார்த்தார். பிள்ளையும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் பட்ட எதையும் அது பார்க்கும்.

நாத்தனார் தோள்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மேடைமேல் வைத்தாள். “நான் விடியக்காலம் போனா ராத்திரிதான் வரேன். பகல்ல என் வீட்ல பல்லிகூட சத்தம் போடாது. இவன் வேலை முடிஞ்சு நேரா அங்க போயி தூங்கட்டும். எந்திரிச்சு இங்க வரட்டும். நீ இங்க ஜன்னலைத் திற, பாட்டுப் போடு, என்ன வேணா பண்ணு.”

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவளும் தலையாட்டினாள். மறுநாள் மாலை, அவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கியபோதுதான், தான் எதற்குத் தலையாட்டினோம் என்று அவளுக்குப் புரிந்தது.

தெரு வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. காய்கறி வண்டிக்காரர் குரலை இன்னும் தணித்துக் கேட்டார்: “அக்கா, அண்ணன் தலையணையோட போனாரே. வீட்ல ஏதாவது…?”

“ஒண்ணுமில்லண்ணே. இனிமே எங்க வீட்டு வாசல்ல நீங்க சத்தமாவே கூவலாம்.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் நாள் அரைக்குரலில் கூவிவிட்டு மேலே பார்த்தார். விரல் வரவில்லை. இரண்டாம் நாள் சேர்த்துவைத்த வெங்காயம் அத்தனையையும் ஒரே மூச்சில் கூவினார்.

பிள்ளை பகலைக் கற்றுக்கொள்வதற்குள் தாய்க்குத்தான் திண்டாட்டம். மணியிலிருந்து பஞ்சை எடுத்தாள். காலுறைகளைக் கழற்றியபின் நாற்காலி போட்ட சத்தத்தில் தானே துள்ளினாள். வெளிச்சம் அறையில் அவள் பார்க்காத அழுக்கையெல்லாம் காட்டியது. பாதிக் கட்டில் வெறுமையாகக் கிடந்ததையும் காட்டியது. இத்தனை நாள் அவர் பேசாமல்தான் கிடந்தார். ஆனால் அவள் அடுக்களையில் நின்றாலும் மூச்சு கேட்கும். மதியத்தில் ஒரு தடவை புரண்டு படுப்பார், கட்டில் ஒரு முறை கிரீச்சிடும். அதைத்தான் இவள் குடித்தனம் என்று வைத்திருந்தாள். தலையணையும் போய்விட்டதால் மாவு மணம்கூட இல்லை. ஒரு நாள் நண்பகலில், அவர் சட்டை ஒன்றைத் துவைக்காமல் எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

இரவுகள் அதைவிடக் கஷ்டம். சின்ன விளக்கில் பால் கொடுக்கும்போது முட்டைக்கண்ணி குடிப்பதை நிறுத்திவிட்டு, அண்ணாந்து பார்த்து, ‘ம்?’ என்பாள். இன்னைக்கு யாரு பேன்ட்டு என்று கேட்கிற மாதிரியே இருக்கும். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். “நாளைக்குப் பகல்ல சொல்றேன்டி” என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்வாள். சில இரவுகள் அழுது தீர்த்தாள் மகள். தூக்கி, தட்டி, பேசாமல் மறுபடி படுக்கவைத்தாள். முன்னேறியதுபோல் இருந்து, மறுபடி பழையபடி ஆன இரவுகளும் உண்டு.

மாலையில் மட்டும் வீடு நிறைந்தது. நாத்தனார் வீட்டிலிருந்து அவர் அரைமணி நடந்து வருவார். மகள் விழித்திருப்பாள், முகம் பார்ப்பாள், ஒரு நாள் சிரித்தேவிட்டாள். ஆனால் அவர் வரும் நேரம், பகலெல்லாம் பிள்ளையோடு மல்லுக்கட்டிய தாய் சாய்ந்த இடத்தில் தூங்கிப்போகும் நேரம். “நீ படு, நான் பாத்துக்கிறேன்” என்பார். அவள் கண் விழிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். மூன்று பேரும் ஒன்றாக விழித்திருக்கும் பொழுது அப்போதும் அவளுக்குக் கைக்கு எட்டவில்லை.

பிறகு ஓர் இரவு, மார்பு கனத்து ரவிக்கை நனைந்து அவளுக்கு விழிப்பு வந்தது. தொட்டிலில் சத்தமில்லை. பயந்துபோய்க் குனிந்தாள். பிள்ளை இரண்டு கையையும் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, மூச்சு ஏறி இறங்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. பகல் எது, இரவு எது என்று படித்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவள் எழுந்து மிஷின் முன்னால் உட்கார்ந்து, சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், முட்டைக்கண்ணி விழித்துவிடுவாள். கையை எடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மாற்று ஆளுக்குக் கால் சரியாகி, அடுப்புக்காரருக்கு வாரத்து விடுப்பு திரும்பக் கிடைத்தது. தலையணையோடு வீட்டுக்கு வந்தார். மகள் விளக்கைக் குறைத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். பெரியவர்கள் இருவரும்தான் ஆளுக்கொரு பக்கம் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தார்கள். இரவில் தூங்க அவருக்கு உடம்பு மறந்திருந்தது. அவர் பக்கத்தில் இருக்கும்போது தூங்க அவளுக்கு மனசு வரவில்லை.

“இந்த வீட்ல அவதான் ஒழுங்கா கத்துக்கிட்டா” என்றார் அவர் கிசுகிசுப்பாக.

“உஷ்.”

“நீங்க ரெண்டு பேரும் ராத்திரியெல்லாம் என்னதான் பேசுவீங்க?”

சொன்னாள். மருந்துக்கடைக்காரரின் இடுப்பிலிருந்து ஆரம்பித்து ஆறு வருஷத்தையும் கிசுகிசுத்தே சொன்னாள். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையைக் கடித்தார். வெகுநேரம் கழித்து, கண் சொக்க, “விடிஞ்சு அவ முழிச்சதும் என்னை எழுப்பு” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

விடிந்தது. கறுப்புத் திரைக்குப் பதிலாக இப்போது வெள்ளைத் துணி. அதன் வழியே முதல் வெளிச்சம் வந்து தொட்டிலில் விழுந்ததும் மகள் கண்ணைத் திறந்தாள். திறந்து, சுற்றிப் பார்த்து, கையை ஆட்டினாள். அவர் வாய் லேசாகத் திறந்தபடி, தழும்புள்ள கையை மனைவியின் பக்கம் நீட்டிக்கொண்டு தூங்கினார். அந்த முகம் அவளுக்கு அத்துப்படி. இந்த முகம் கலையக் கூடாது என்பதற்காகவே ஒரு வீட்டை ஊமையாக்கியவள் அவள். ஒரு தடவைகூட அவள் அவரை எழுப்பியதில்லை.

கை தானாகத் திரைப்பக்கம் போயிற்று, மூடுவதற்கு. பாதியில் நின்றது. மகளைத் தூக்கி அவர் பக்கத்தில் கிடத்தினாள். தானும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“என்னங்க.”

கிசுகிசுப்பாகத்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தையல் ஆலைக் குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தாள்.

“என்னங்க! எந்திரிங்க!”

அளவு தெரியாமல் தெருவரைக்கும் போய்விட்டது. கீழே காய்கறி வண்டிக்காரர், “இதோ வந்துட்டேன்க்கா!” என்றார். மகள் திடுக்கிட்டு, அழலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “என்ன, வேலைக்கு நேரமாச்சா?”

“இல்ல” என்றாள் அவள். “அவ முழிச்சிட்டா.”